புது அலமாரிகளின் நெடியும் பிள்ளையின் இரவு இருமலும்: பெயிண்டா, பலகையா?

கேள்வி: தக்கலை வாசகி

அனைவருக்கும் வணக்கம். தக்கலைக்கு அருகே புதிதாகக் கட்டிய காங்கிரீட் வீட்டில் சித்திரையில் பால்காய்ப்பு நடத்திக் குடியேறினோம். நான்கு வயது மகளின் அறையில் அலமாரி, படிக்கும் மேசை, கட்டிலின் தலைப்பலகை ஆகிய மூன்றையும் ஒரே கடையில் சொல்லி, பலகையில் சன்மைக்கா ஒட்டிச் செய்தோம். அலமாரிக் கதவைத் திறந்தால் இன்றைக்கும் கண்ணைக் கரிக்கிறது. இடவப்பாதி மழை தொடங்கி ஜன்னல்களை அடைத்து வைத்த பிறகு அந்த நெடி அறை முழுவதும் தங்கிவிட்டது. மகளுக்கு இரவில் வறட்டு இருமல் வருகிறது. குலசேகரத்தில் இருக்கும் என் அம்மாவின் பழைய ஓட்டு வீட்டில் தங்கும் நாட்களில் இருமல் நன்றாகக் குறைந்துவிடுவதால்தான் வீட்டின் மீது எனக்குச் சந்தேகம் வந்தது.

பெயிண்ட் வாசனை போகப் போகத் தணிந்துவிடும் என்று பெயிண்டர் சொல்கிறார். காற்றுச் சுத்திகரிப்புக் கருவி ஒன்றை வாங்கி வைத்தால் எல்லாம் சரியாகும் என்று கடைக்காரர் சொல்கிறார். மாமியார் கொசுவுக்காகச் சுருள் கொளுத்துவதும், மாலையில் சாம்பிராணி போடுவதும் வழக்கம். இவற்றில் எது காரணம், எதை முதலில் மாற்ற வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில் 1: உள்வேலை ஒப்பந்தக்காரர், நாகர்கோவில்

சகோதரி, நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் நான் முதலில் பலகையைத்தான் சந்தேகிப்பேன். சுவரில் அடிக்கும் தண்ணீர் கலந்த எமல்ஷன் பெயிண்டின் ஆவி பெரும்பாலும் சில வாரங்களில் வெளியேறிவிடும். கதவு, ஜன்னல், கம்பிகளுக்கு அடிக்கும் எனாமலிலும், மரத்துக்கு அடிக்கும் பாலிஷிலும் தின்னர் கலப்பதால் டொலுயீன், சைலீன் போன்ற ஆவிகள் அதிகம் வரும். ஆனால் அவையும் காற்றோட்டம் இருந்தால் நாளடைவில் நன்றாகக் குறைந்துவிடும். குடியேறி மாதங்கள் கடந்த பின்னும், அடைத்து வைத்த அலமாரியைத் திறக்கும்போது மட்டும் கண்ணைக் கரிக்கும் நெடி வருகிறது என்றால், அது பலகையை ஒட்டிய பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு என்னும் வாயுவாக இருக்க வாய்ப்பு மிகுதி.

இது எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தீர்வும் அதற்குள்தான் இருக்கிறது. பார்ட்டிக்கிள் போர்டு, எம்.டி.எஃப் என்னும் மரநார்ப் பலகை, சாதாரண கமர்ஷியல் பிளைவுட் ஆகியவற்றில் மரத்தூளையும் மரத்தாளையும் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு பிசினால்தான் ஒட்டுகிறார்கள். விலை குறைவு, சீக்கிரம் இறுகும் என்பதால் அது பரவலாகிவிட்டது. பலகை அழுத்தப்படும்போது வினையில் சேராமல் மிஞ்சிய ஃபார்மால்டிஹைடு முதல் சில மாதங்களில் வேகமாக வெளியேறுகிறது. அதோடு முடிந்துவிட்டால் கவலை இல்லை. அந்தப் பிசின் ஈரத்தில் சிறிது சிறிதாகச் சிதையும் தன்மை உடையது, சிதையும்போதெல்லாம் ஃபார்மால்டிஹைடைத் திரும்ப வெளியே விடும். வெப்பமும் ஈரப்பதமும் கூடினால் வெளியேற்றமும் கூடும். தென்மேற்கு மழையும் வடகிழக்கு மழையும் சேர்ந்து பெய்கிற நம் மாவட்டத்தில் காற்று உலர்ந்திருக்கும் மாதங்களே குறைவு. எனவே உலர்ந்த ஊரில் வேகமாகத் தணிந்துவிடும் பலகை இங்கே நீண்ட காலம் நெடியை விட்டுக்கொண்டிருக்கிறது.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை என்றாலும் மறைக்கவும் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. அந்த முடிவுக்கு ஆதாரமாக இருந்தவை பெரும்பாலும் தொழிற்சாலைகளிலும் ஆய்வகங்களிலும் ஆண்டுக்கணக்காக அதிக அளவில் சுவாசித்தவர்கள் பற்றிய ஆய்வுகள். வீட்டில் முதலில் தெரிவது கண் எரிச்சல், மூக்கு அரிப்பு, தொண்டைக் கரகரப்பு, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இழுப்பு ஆகியவைதான். வீட்டுக்குள் அரைமணி நேரச் சராசரி ஒரு கன மீட்டர் காற்றில் 0.1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று அதே நிறுவனம் 2010-ல் வரம்பு வைத்தது.

இப்போது நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. அலமாரியின் இழுப்பறை ஒன்றை முழுவதுமாக வெளியே எடுத்து, டார்ச் வெளிச்சத்தில் உள்பக்கத்தைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் முகப்பில் சன்மைக்கா இருக்கும். ஆனால் கீல் பொருத்துவதற்காகத் துளைத்த வட்டக் குழிக்குள்ளும், இழுப்பறையின் அடிப்பலகையின் ஓரத்திலும், சுவரை ஒட்டி நிற்கும் முதுகுப் பலகையிலும் வெளிறிய பழுப்பு நிறத்தில் மரத்தூள் அப்படியே தெரிந்தால், ஆவி வெளியேறும் வழி அதுதான். ஓரங்கள் சற்றே உப்பி, நகத்தால் சுரண்டினால் உதிர்கிறது என்றால் ஈரமும் ஏறியிருக்கிறது. நல்ல சன்மைக்கா இரண்டு பக்கமும் ஒட்டி, நான்கு ஓரத்துக்கும் எட்ஜ் பேண்ட் என்னும் ஓரப்பட்டை வைத்த பலகையிலிருந்து வெளியேற்றம் மிகவும் குறைவாக இருக்கும். முகப்பு ஒன்றுக்கு மட்டும் ஒட்டி, மறைவான பக்கங்களை வெறுமனே விட்டால், செலவு மிச்சம் என்று நினைத்தது குழந்தை சுவாசிக்கும் காற்றில் போய்ச் சேர்கிறது. வாடிக்கையாளர் பார்க்காத பக்கம் என்பதற்காக அதை விட்டுவிடும் வழக்கம் எங்கள் தொழிலில் இருப்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

செய்ய வேண்டியது இதுதான். மழை விட்ட ஒரு நாளில் அந்த மூன்று சாமான்களையும் குழந்தையின் அறையிலிருந்து வெளியே எடுத்து, காற்றோட்டமுள்ள வராந்தாவிலோ ஆட்கள் படுக்காத அறையிலோ கதவுகளைத் திறந்தபடி வையுங்கள். ஆசாரியை அழைத்து மறைவுப் பக்கங்களுக்கும் ஓரங்களுக்கும் சன்மைக்காவோ எட்ஜ் பேண்டோ ஒட்டச் சொல்லுங்கள். கீல் குழிகளையும் திருகாணித் துளைகளையும் தண்ணீர் கலந்த சீலரால் இரண்டு முறை அடைக்கச் சொல்லுங்கள். தின்னர் கலந்த பாலிஷ் வேண்டாம், ஒரு நெடியை அடைக்கப் போய் இன்னொன்றை வாங்கியதாகிவிடும். ஓரங்கள் உப்பிப்போன பலகையை அடைத்துப் பயனில்லை, மாற்றுவதுதான் நல்லது.

இனிமேல் பலகை வாங்கும்போது எம்.ஆர். (ஓரளவு ஈரம் தாங்கும்) தரம் என்று முத்திரை இருந்தால் அது பெரும்பாலும் யூரியா பிசின். ஐ.எஸ். (இந்தியத் தரநிலை) 303-ன் கீழ் வரும் பி.டபிள்யூ.ஆர். (கொதிநீர் தாங்கும்) தரமும், ஐ.எஸ். 710-ன் கீழ் வரும் மரைன் பிளைவுட்டும் ஃபீனால் ஃபார்மால்டிஹைடு பிசினால் ஒட்டப்படுவதால் ஈரத்தில் எளிதில் சிதையாது, நெடியும் மிகக் குறைவு. வெளியேற்ற அளவைக் குறிக்கும் ஈ-1, ஈ-0 முத்திரை உள்ளதா என்றும் கேளுங்கள். குழந்தையின் அறைக்கு என்றால் நான் இரும்பு அலமாரியையோ, அயனி, பலா போன்ற முழுமரத்தில் செய்த எளிமையான கட்டிலையோதான் சொல்வேன். ரப்பர் மரச் சாமான்களும் இங்கே தாராளமாகக் கிடைக்கின்றன. துண்டுகளை இணைக்கும் இடத்தில் மட்டுமே அவற்றில் பசை இருக்கும்.

பதில் 2: பறக்கை வாசகர்

உள்வேலை செய்யும் அண்ணன் விளக்கியது பயனுள்ளதாக இருந்தது. அதோடு அறைக்குள் பாம்புக் கற்றாழை, மணி பிளாண்ட் போன்ற செடிகளை வைக்கலாம் என்றும், அலமாரிக்குள் சிரட்டைக் கரியைத் துணியில் கட்டி வைக்கலாம் என்றும் படித்திருக்கிறேன். செலவில்லாத வழி என்பதால் சகோதரி முயன்று பார்க்கலாம் அல்லவா?

பதில் 3: ஓய்வுபெற்ற செவிலியர், மார்த்தாண்டம்

பறக்கைத் தம்பி, செடி நல்லதுதான். ஆனால் காற்றைச் சுத்தம் செய்யும் வேலையை அதன் தலையில் வைக்க முடியாது. 1989-ல் நாசா நடத்திய ஆய்வு சிறிய மூடிய பெட்டிகளுக்குள் செய்யப்பட்டது. அதுபோன்ற ஆய்வுகளை எல்லாம் தொகுத்து 2019-ல் மீண்டும் கணக்கிட்டபோது, சாதாரண வீட்டில் ஜன்னல் இடுக்குகள் வழியே நடக்கும் காற்றோட்டத்துக்கு ஈடாக ஒரு சதுர மீட்டர் தரைக்குப் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை தேவைப்படும் என்று தெரிந்தது. தொட்டி மண்ணின் ஈரம் பூஞ்சைக்கும் இடம் கொடுக்கும். அடுப்புக்கு எரிக்கிற சாதாரணச் சிரட்டைக் கரிக்கு ஃபார்மால்டிஹைடைப் பிடித்து வைக்கும் ஆற்றல் குறைவு. கடைக்காரர் சொல்லும் கருவியிலும் இதே சிக்கல் உண்டு. ஹெப்பா வடிகட்டி தூசியையும் புகைத்துகளையும் நன்றாகப் பிடிக்கும், ஆவியைப் பிடிக்காது. ஓசோன் வெளியிடும் கருவியைக் குழந்தை இருக்கும் வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது, ஓசோன் நுரையீரலை எரிச்சலூட்டும் வாயு.

தக்கலைத் தங்கச்சிக்கு நான் சொல்ல விரும்புவது, பலகையோடு நின்றுவிடாதீர்கள் என்பதுதான். நான்கு வயதுப் பிள்ளை தன் உடல் எடைக்கு நம்மைவிட அதிகக் காற்றைச் சுவாசிக்கிறது. அந்த ஒரே அறைக்குள் பலகையின் ஆவி, சுருளின் புகை, சுவரின் ஓதம் எல்லாம் சேரும்போது அதன் மூச்சுக்குழாய்க்கு ஓய்வே கிடைப்பதில்லை.

கொசுச் சுருளைப் பற்றிச் சொல்கிறேன். 2003-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒரு சுருள் முழுவதும் எரியும்போது வெளியாகும் நுண்துகளின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகளின் புகைக்குச் சமம் என்று அளந்திருக்கிறார்கள். ஃபார்மால்டிஹைடும் அந்தப் புகையிலேயே இருக்கிறது. ஜன்னலை அடைத்துவிட்டுக் கட்டிலுக்கு அடியில் சுருளைக் கொளுத்தி வைக்கும் வழக்கத்தை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன், பார்க்கும்போதெல்லாம் மனம் பதைக்கும். ஜன்னலுக்குக் கம்பிவலை அடியுங்கள், கட்டிலுக்குக் கொசுவலை கட்டுங்கள். வலை இருந்தால் மழை இல்லாத இரவுகளில் ஜன்னலைத் திறந்தும் வைக்கலாம். அத்தையிடம் சாம்பிராணியை நிறுத்தச் சொல்லி மனத்தாங்கல் உண்டாக்க வேண்டாம். முற்றத்திலோ வராந்தாவிலோ, பிள்ளை அருகில் இல்லாத நேரத்தில் போடச் சொன்னால் அவர்கள் நிச்சயம் கேட்பார்கள். பேத்தியின் மூச்சு என்று சொன்னால் எந்தப் பாட்டிதான் மறுப்பார்?

அடுத்தது ஓதம். மழைக்காலத்தில் நம் பக்கத்தில் காற்றின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டுவது சாதாரணம். வீட்டுக்குள் அது 60 விழுக்காட்டுக்கு மேல் தொடர்ந்து இருந்தால் பூஞ்சையும் தூசி உண்ணியும் பெருகும். அலமாரியின் முதுகுப் பக்கச் சுவரையும் மெத்தையின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். கரும்புள்ளிகள் இருந்தால் பலகையின் நெடி மட்டும் காரணமில்லை என்று பொருள். அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். போர்வை, தலையணை உறைகளை 60 டிகிரி அளவு சூடான நீரில் துவைத்து வெயிலில் காய வையுங்கள். பூஞ்சையைத் துடைக்கப் பிளீச்சிங் பவுடர் கரைசலைப் பயன்படுத்தினால், கழிப்பறை அமிலத்தோடோ, ரப்பர் ஷீட் உறைய வைக்கும் ஆசிட்டோடோ அது ஒருபோதும் கலக்கக் கூடாது, குளோரின் வாயு உண்டாகும். குலசேகரம் பக்கம் ரப்பர் வீடுகளில் ஆசிட் கேனும் பிளீச்சிங் பவுடரும் ஒரே மூலையில் இருப்பது வழக்கம் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். துணிகளுக்கிடையே அந்துருண்டை போட்டிருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். அதிலுள்ள நாப்தலீன், ஜி6பிடி நொதி குறைவாக உள்ள குழந்தைகளின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடியது.

இவற்றைச் செய்வதோடு மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப் போடாதீர்கள். இரவில் மட்டும் வரும் வறட்டு இருமல் ஆஸ்துமாவின் தொடக்கமாகவும் இருக்கலாம். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உங்களுக்கு வழக்கமான குழந்தை மருத்துவரிடமோ, அம்மா வீட்டில் இருமல் குறைவதையும் புதுப் பலகைகளைப் பற்றியும் மறக்காமல் சொல்லுங்கள். இடம் மாறினால் குறைகிறது என்பது மருத்துவருக்கு மிக முக்கியமான செய்தி.

கேள்வி கேட்டவரின் மறுமொழி: தக்கலை வாசகி

அக்கா, அண்ணன், இருவருக்கும் மனமார்ந்த நன்றி. டார்ச் வைத்துப் பார்த்தேன். முதுகுப் பலகையும் இழுப்பறைகளின் அடியும் வெறும் மரத்தூளாகவே இருக்கின்றன. மூன்று சாமான்களையும் இன்று வராந்தாவுக்கு மாற்றிவிட்டோம். மகள் இப்போது எங்களோடு நடு அறையில் படுக்கிறாள், நாளை மருத்துவரிடம் செல்கிறோம்.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. என் கணவரின் தம்பி மண்டைக்காடு பக்கத்தில் வீடு கட்டத் தொடங்கியிருக்கிறார். அடித்தளம் நிரப்பக் கடற்கரை மணல் மலிவாகக் கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த மணலில் கதிர்வீச்சு உண்டு என்கிறார்களே, அது வீட்டுக் காற்றையும் பாதிக்குமா?

பதில் 4: இயற்பியல் ஆசிரியர், குளச்சல்

பாதிக்கும், அதனால் அந்த மணல் வேண்டாம் என்று உடனே சொல்லுங்கள். மணவாளக்குறிச்சிக் கரையின் கருமணலில் இல்மனைட், சிர்க்கான், கார்னெட் ஆகியவற்றோடு கதிர்வீச்சை வெளியிடும் தோரியம் அடங்கிய மோனசைட் என்னும் கனிமமும் கலந்திருக்கிறது. 1909-ல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானிய வேதியியலாளர், இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மின்னிய துகள்களைக் கண்டுதான் இந்தக் கரையின் மோனசைட்டை அடையாளம் கண்டார். இன்றைக்கு மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் அந்தக் கனிமங்களைப் பிரித்தெடுக்கிறது.

தோரியம் சிதையும் வரிசையில் தோரான் என்னும் கதிரியக்க வாயு பிறக்கிறது. அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைய ஆகும் நேரம், சுமார் 55 நொடிகள்தான். எனவே அது மணலிலிருந்தோ சுவரிலிருந்தோ வெளிவந்து வெகுதூரம் போகாது, தரையையும் சுவரையும் ஒட்டியே செறிந்திருக்கும். பாயில் படுப்பவர்களும் தரையில் தவழும் குழந்தைகளும் அந்த மட்டத்தில்தான் சுவாசிக்கிறார்கள். தோரான் சிதைந்த பின் வரும் ஈயம்-212 சுமார் பத்தரை மணி நேர அரை ஆயுள் உடையது, அது தூசியில் ஒட்டி அறை முழுவதும் பரவி நுரையீரலுக்குள் போகக்கூடியது. யுரேனிய வரிசையில் வரும் ரேடான் வாயு 3.8 நாள் அரை ஆயுள் உடையதால் வீட்டுக்குள் தேங்கி நிற்கும். அதற்கு உலக சுகாதார நிறுவனம் ஒரு கன மீட்டருக்கு 100 பெக்கரல் (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) என்ற அளவைப் பரிந்துரைக்கிறது.

கரையோரத்தில் தலைமுறையாக வாழ்பவர்கள் இதைப் படித்து அஞ்சி வீட்டைவிட்டுப் போக வேண்டியதில்லை. இயற்கையில் மண்ணில் இருப்பது வேறு, அதை அள்ளி வந்து அடித்தளத்திலும் பூச்சிலும் சேர்த்துக்கொள்வது வேறு. முதலாவதைக் காற்றோட்டத்தாலும் விரிசல் இல்லாத தரையாலும் பெருமளவு சமாளிக்கலாம். இரண்டாவதை வீடு இடியும்வரை வெளியே எடுக்க முடியாது. கடல் மணலின் உப்பு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். சிலருக்குக் கதிர்வீச்சைவிட அந்தக் காரணம் சீக்கிரம் புரியும். உடைகல் எம்-சாண்டும் நல்ல செம்மண்ணும் கொண்டு நிரப்பி, மேலே காங்கிரீட் தளம் போட்டால் போதும்.

பதில் 5: உள்வேலை ஒப்பந்தக்காரர், நாகர்கோவில்

சாமான்களை மாற்றியது மிக நல்ல முடிவு, சகோதரி. அந்த அறையை மறுபடி பயன்படுத்தும் முன் இரண்டு செய்திகள். எதிரெதிரான இரண்டு திறப்புகள் இருந்தால்தான் காற்று உள்ளே வந்து வெளியேறும். ஒரே ஜன்னல் மட்டும் உள்ள அறையானால், கதவுக்கு மேலே உள்ள சுவரில் கம்பிவலையிட்ட திறப்பு ஒன்று வைக்கலாம், அல்லது வெளிச்சுவரில் சிறிய எக்ஸாஸ்ட் விசிறி பொருத்தலாம். உங்கள் ஊரிலேயே இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனையில் அழி (இடைவெளி விட்ட மரச்சட்டங்கள்) வைத்த மரச் சுவர்கள் வழியே, மழைச் சாரலை உள்ளே விடாமல் காற்று மட்டும் புகுந்து போவதை நேரில் பார்க்கலாம். மழையைக் காரணம் காட்டி எல்லாவற்றையும் அடைத்துவிடும் இன்றைய கட்டுமானம் அந்த அறிவைக் கைவிட்டது பெரிய இழப்பு.

இன்னொன்று, அம்மாவின் ஓட்டு வீடு பிள்ளைக்கு ஒத்துப்போகிறது என்பதற்காக அங்கே ஓணத்துக்கோ கிறிஸ்துமஸுக்கோ பெயிண்ட் அடிக்கும்போது கவனக்குறைவாக இருந்துவிட வேண்டாம். வீட்டு பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு கதவிலும் ஜன்னல் கம்பியிலும் அடித்த பழைய எனாமலில் ஈயம் அதிகமாக இருக்கலாம். அதை உலர்ந்த உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் ஈயத் தூள் தரையில் படிந்து, பிள்ளையின் கை வழியே வாய்க்குப் போகும். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாளைப் பயன்படுத்தி, சுரண்டியதை ஈரத்துணியால் துடைத்து எடுக்கச் சொல்லுங்கள். பிள்ளையை அந்த நாட்களில் அங்கே விட வேண்டாம். அடுக்களைச் சாய்ப்பு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால், அதைத் துளைக்கவோ அறுக்கவோ கம்பிப் பிரஷால் தேய்க்கவோ யாரையும் அனுமதிக்காதீர்கள். உடைந்த ஷீட்டை மாற்றும்போது தண்ணீர் தெளித்து நனைத்து, முழுசாகக் கழற்றி இறக்க வேண்டும்.

உங்கள் அலமாரிக்கு ஓரம் ஒட்டும் வேலையை இப்போதே தொடங்கச் சொல்லாதீர்கள். ஈரம் ஏறிய பலகையை நான்கு பக்கமும் அடைத்தால் ஈரம் உள்ளேயே நின்று, ஒட்டியது மறுபடி விட்டுவிடும். மழை ஓய்ந்து நல்ல வெயில் கிடைக்கும் நாட்களில், பலகையை நிழலில் சில நாள் காற்றாட வைத்து உலர்த்திய பின் ஒட்டினால்தான் பிடிக்கும். அதுவரை குழந்தையின் துணிகளை ஓர் இரும்புப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.